ஆடுகளத்துள் அடங்கிய உலகம்

விளையாட்டு வெறும் பொழுதுபோக்கே என்று கருதுவோர் பலர். உயிரினங்களின் வாழ்க்கையை உற்று நோக்குவார்க்கு அக்கருத்துப் பொருந்தாமை எளிதிற் புலனாகும். புலிக்குட்டி தன் தாயின் வாலைப் பாய்ந்து பற்றுகின்றது. அது வேட்டைக்குப் பழகும் பயிற்சி. ஆட்டுக்குட்டிகள் தலையொடு தலை முட்டி ஆடுகின்றன. அது தற்காப்புக்குரிய பயிற்சி. மனிதக் குழந்தை உடலைப் பழக்குவதோடு அமையாமல், உள்ளத்தையும் பழக்குகின்றது. மணலிற் சிறுவீடு கட்டுதலும், சிறுசோறு சமைத்தலும், சிறுதேர் உருட்டுதலும் நம் முன்னோர் கண்டு மகிழ்ந்த விளையாட்டுகள். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் சிற்றிலுக்கும் சிறுதேருக்கும் தனித்தனிப் பருவங்களே வகுத்தனர். மணல்வீடு கட்டும் சிறுமி, வீடு நடத்தும் முறையைக் கற்கின்றாள். பெரிய உலகத்தைச் சிறிதாக்கிக் கைக்குள் வைத்துப் பார்க்கும் இம்முயற்சியைப் பாவனை விளையாட்டு எனலாம்.

இதனின் வேறாய பிறிதொரு வகையும் உண்டு. எதிரி என்ன செய்வான் என்று முன்னரே எண்ணி, அதற்கேற்பத் தன் காயை நகர்த்தும் ஆட்டம் அது. ‘சூழ்தல்’ என்னும் சொல்லுக்கு ஆராய்தல், எண்ணுதல் என்பன பழம்பொருள்கள். அச்சொல்லிற் பிறந்த ‘சூழ்ச்சி’ என்பதும் முன்னாளில் ஆராய்ச்சியையே குறித்தது. வஞ்சகம் என்னும் பொருள் பிற்காலத்தில் அதனைச் சூழ்ந்துகொண்டது. அதனால், எண்ணி ஆடும் இவ்வகை ஆட்டங்களை இக்காலத்தார் வியூக விளையாட்டுகள் என்று வழங்குகின்றனர். வியூகம் என்பது படையை வகுத்து நிறுத்தும் முறை.

பாவனையும் வியூகமும் ஒன்றாய்க் கலந்த விளையாட்டுகளை இன்றைய இளைஞர் கணிப்பொறித் திரையில் ஆடுகின்றனர். அவற்றுள் சில, ஒரு நகரத்தையோ ஒரு பேரரசையோ முழுமையாக நடத்திக் காட்டும் அளவிற்குச் சிக்கல் மிக்கவை. அவை எவ்வாறு தோன்றின? அவை நமக்குக் காட்டுவன யாவை? காட்டாது விடுவன யாவை? இவற்றை இப்பாடத்திற் காண்போம்.

தமிழகத்தின் வட எல்லையில், திருத்தணிகை மலைக்கு வடமேற்கே, பள்ளிப்பட்டு என்னும் ஊர் உள்ளது. ஆந்திர மாநிலத்தோடு இருந்த இப்பகுதி, 1959-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற எல்லை மாற்றச் சட்டத்தின்படி, 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று அக்காலத்துச் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. தமிழும் தெலுங்கும் அண்டை வீடுகளில் ஒலிக்கும் ஊர் இது. தமிழ்ச் சிறுவன் ‘ஆடுபுலி’ என்று சொல்லும் ஆட்டத்தைத் தெலுங்குச் சிறுவன் ‘புலி ஜூதம்’ என்பான். தமிழ்ப் பாட்டி ‘பல்லாங்குழி’ எனும் பலகையைத் தெலுங்குப் பாட்டி ‘வாமன குண்டலு’ என்பாள். பெயர்கள் வேறு, ஆட்டம் ஒன்றே. எல்லைக் கற்களை நாட்டுவோர் விளையாட்டுகளுக்கு எல்லை வகுப்பதில்லை.

ஆடுபுலி ஆட்டத்திற்குக் கரித்துண்டு ஒன்றும் கூழாங்கற்கள் சிலவும் போதும். திண்ணையிலோ கோயில் மண்டபத்துத் தரையிலோ ஒரு முக்கோணத்தை வரைந்து, அதன் உச்சியினின்று கீழிறங்கும் கோடுகளையும் குறுக்குக் கோடுகளையும் இழுப்பர். கோடுகள் கூடும் இடங்கள் பெரும்பாலும் 23 ஆகும். ஒருவனுக்குப் புலிகள் 3. மற்றவனுக்கு ஆடுகள் 15. ஆடுகளை ஒவ்வொன்றாகக் களத்தில் வைத்துக்கொண்டு வரவேண்டும். எல்லா ஆடுகளும் இறங்கும் வரை எந்த ஆட்டையும் நகர்த்துதல் கூடாது. புலியோ, அடுத்துள்ள ஆட்டைத் தாண்டி, அப்பால் வெற்றிடம் இருப்பின் அங்கே குதித்து, அவ்வாட்டை வெட்டிவிடும். புலிகள் மூன்றும் அசைய இயலாதவாறு அடைபட்டால் ஆட்டுக்காரன் வென்றான். அடைப்பதற்கு வேண்டிய ஆடுகள் எஞ்சாவிடில் புலிக்காரன் வென்றான்.

இவ்வெளிய ஆட்டத்தில் அரிய உண்மை ஒன்று பொதிந்து கிடக்கின்றது. இருதரத்தார் படையும் ஒத்தன அல்ல. ஒருபுறம் வலிமையும் வேகமும் உள. மறுபுறம் எண்ணிக்கையும் ஒற்றுமையும் உள. தனித்து நிற்கும் ஆடு இறக்கும்; பின்னால் மற்றோர் ஆடு துணை நிற்க, முன் நிற்கும் ஆடு பிழைக்கும். எனவே, ஆட்டுக்காரன் ஒவ்வோர் ஆட்டையும் வைக்குமுன், அதன் பின்புறம் வெற்றிடமா என்று பார்க்கவேண்டும்; புலிக்காரன் அவசரப்பட்டு ஓர் ஆட்டை வெட்டப்போய் மூலையில் அகப்பட்டுக்கொள்ளாமல் இருக்கவேண்டும். ஒன்றைச் செய்யுமுன் அதன்பின் விளைவது யாது என்று எண்ணும் பழக்கமே இவ்வாட்டத்தின் பயன். பெயரில் ‘ஜூதம்’ என்னும் சொல் இருப்பினும், ஈண்டுப் பகடையும் இல்லை, பணயமும் இல்லை. வெற்றி தோல்விகள் அறிவினால் மட்டுமே அமைகின்றன.

இந்திய நாடு உலகிற்கு வழங்கிய மற்றொரு வியூக விளையாட்டுச் சதுரங்கம். சதுரங்கம் என்றால் நான்கு உறுப்புகள் என்று பொருள். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையையும் அஃது ஒரு பலகைமேல் நிறுத்திக் காட்டிற்று. இங்கிருந்து பாரசீகம் சென்று ‘சத்ரங்’ ஆயிற்று; அரபு நாடுகளில் ‘ஷத்ரஞ்ச்’ ஆயிற்று; பின்னர் ஐரோப்பா சென்று புதிய விதிகளோடு திரும்பி வந்தது. அத்திரும்பிய ஆட்டத்திலும் தமிழர் சிறந்து விளங்கினர். 1961-ஆம் ஆண்டு மானுவல் ஆரோன் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். 1988-ஆம் ஆண்டு விசுவநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். பின்னர் உலக வாகையும் சூடினார். 2022-ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாடு நடைபெற்றது. 2024-ஆம் ஆண்டு சிங்கப்பூரில், 18 வயதே நிரம்பிய குகேஷ் உலக வாகையரானார்.

சதுரங்கம் எத்துணைச் சிறந்ததாயினும், உண்மைப் போரினின்றும் அது தொலைவில் நிற்பது. சதுரங்கப் பலகையில் மேடு பள்ளம் இல்லை; ஆறு இல்லை; படைவீரர்க்குப் பசியும் இல்லை. எதிரியின் காய்கள் யாவும் நம் கண்முன் வெளிப்படையாக நிற்கின்றன. உண்மைப் போரிலோ, மலைக்கு அப்பால் நிற்கும் படை எவ்வளவு என்பதைத் தலைவன் அறியான். இக்குறையை நீக்க முயன்றவர்கள் பிரஷ்ய நாட்டைச் சார்ந்த ரைஸ்விட்ஸ் என்னும் தந்தையும் மகனும் ஆவர். தந்தை வகுத்த ஆட்டத்தைத் திருத்தி, மகன் 1824-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். ‘கிரீக்ஸ்பீல்’ என்பது அதன் பெயர். போர் விளையாட்டு என்பது பொருள்.

இவ்வாட்டத்திற் கட்டங்கள் இல்லை. நிலத்தை 8,000-இல் ஒரு பங்காகச் சுருக்கி வரைந்த உண்மையான வரைபடமே ஆடுகளம். ஒருமுறை ஆடுவது போர்க்களத்தில் இரண்டு நிமிடங்களுக்குச் சமம். அந்நேரத்திற்குள் ஒரு படை எவ்வளவு தொலைவு நடக்க இயலுமோ அவ்வளவே அது நகரலாம். இருதரத்தாருக்கும் நடுவே ஒரு நடுவர் இருப்பார். ஆடுவோர் தம் ஆணைகளை அவரிடம் எழுதித் தருவர். எதிரியைக் காணக்கூடிய இடத்தில் நின்றாலன்றி, அவன் காய் அவர்க்குக் காட்டப்படாது. துப்பாக்கிச் சூட்டில் எத்தனை வீரர் வீழ்ந்தனர் என்பதைப் பகடை உருட்டி, அட்டவணை பார்த்து, நடுவர் முடிவு செய்வார். இதனைக் கண்ட பிரஷ்யப் படைத்தலைவர் ஒருவர், இது விளையாட்டன்று, போர்க்கலையைக் கற்பிக்கும் பள்ளி என்று வியந்தாராம். மணல்வீட்டின் பாவனையும் ஆடுபுலியின் வியூகமும் ஈண்டு ஒன்றுபட்டன.

ஆனால், நடுவரின் வேலை பெரிது. ஒவ்வொரு முறையும் அவர் அளக்கவேண்டும், கூட்டவேண்டும், அட்டவணையைப் புரட்டவேண்டும். விதிகள் பெருகப் பெருக, ஆட்டம் நத்தை போல் ஊர்ந்தது. மனித நடுவரின் இடத்தில் கணிப்பொறி வந்து அமர்ந்தபின், இத்தடை நீங்கிற்று. ஆயிரம் விதிகளை ஒருங்கே நினைவில் வைத்து, இமைப்பொழுதிற் கணக்கிட்டு, விளைவைப் படமாகக் காட்டும் ஆற்றல் அதற்கு உண்டு. இதனாற் போர் மட்டுமன்றி நகரம், வாணிகம், வேளாண்மை, வானூர்தி முதலிய யாவும் விளையாட்டாயின.

அமெரிக்க நாட்டினராகிய வில் ரைட் என்பார், ஊர்திமேல் பறந்து தீவுகளைக் குண்டு வீசி அழிக்கும் விளையாட்டு ஒன்றை 1984-ஆம் ஆண்டு அமைத்தார். அத்தீவுகளில் வீடுகளையும் சாலைகளையும் அமைப்பதற்காக அவர் ஒரு கருவி செய்துகொண்டார். அழிக்கும் விளையாட்டைக் காட்டிலும், அக்கருவியைக்கொண்டு ஊரை ஆக்கும் வேலையே தமக்கு மிக்க இன்பம் தந்ததை அவர் உணர்ந்தார். அவ்வுணர்விற் பிறந்ததே 1989-ஆம் ஆண்டு வெளிவந்த ‘சிம்சிட்டி’ என்னும் நகரமைப்பு விளையாட்டு. நகரங்கள் வளர்வதையும் தேய்வதையும் கணக்கு முறையால் ஆராய்ந்து ஜே ஃபாரஸ்டர் என்னும் அறிஞர் 1969-ஆம் ஆண்டு எழுதிய நூலும் அவர்க்குத் துணை நின்றது.

இவ்விளையாட்டில் ஆடுவோன் ஒரு நகரத்தின் தலைவன். வெறும் நிலமும் சிறிது பணமும் அவனுக்குத் தரப்படும். குடியிருப்பு, கடைத்தெரு, தொழிற்சாலை ஆகியவற்றிற்கு அவன் இடம் ஒதுக்கவேண்டும், சாலையும் மின்சாரமும் அமைக்கவேண்டும், வரி விதிக்கவேண்டும். அவன் மக்களுக்கு ஆணையிட இயலாது. அவர்கள் வந்து குடியேறத்தக்க நிலையை உண்டாக்குதல் மட்டுமே அவன் கையிலுள்ளது. வரியை மிகுத்தால் கருவூலம் நிரம்பும் என்று எண்ணி அவன் மிகுப்பான். முதலில் நிரம்பும். பின்னர்க் குடிகள் சிலர் வெளியேறுவர். கடைகளில் வாணிகம் குன்றும். வரி தருவோர் தொகை குறைய, கருவூலமும் வற்றும். பணம் இன்மையாற் சாலைகள் பழுதுறும். அது கண்டு மேலும் பலர் வெளியேறுவர். ஒரு செயலின் விளைவு சுற்றி வந்து, அச்செயலைச் செய்தவனையே தாக்கும் இவ்வட்டத்தைப் பாடநூல் ஒன்று பத்துப் பக்கங்களில் விளக்கலாம். விளையாட்டோ, நம் கையினாலேயே அதனைச் செய்வித்து, நம் கண்ணினாலேயே அதனைக் காண்பிக்கின்றது.

1991-ஆம் ஆண்டு சித் மெயர் என்பார் வெளியிட்ட ‘சிவிலிசேஷன்’ என்னும் விளையாட்டு, கி.மு. 4000-இல் ஒரு சிறு குடியிருப்போடு தொடங்கி, ஆறாயிரம் ஆண்டு வரலாற்றை ஆடுவோன் கையில் ஒப்படைத்தது. எழுத்தை முதலிற் கற்பதா, வெண்கலம் வார்ப்பதை முதலிற் கற்பதா, அண்டை நாட்டோடு வாணிகமா, போரா என்பவற்றை அவனே முடிவு செய்யவேண்டும். 2006-ஆம் ஆண்டு முதன்முதல் வெளிவந்த ‘டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ்’ என்பது சிக்கலால் உலகப் புகழ் பெற்றது. டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்னும் உடன்பிறந்தார் இருவர் அதனை ஆக்கினர். மலையைக் குடைந்து வாழும் குள்ளர் கூட்டம் ஒன்றை அதில் நடத்தவேண்டும். மலையின் பாறை அடுக்குகள், ஒவ்வொரு குள்ளனின் விருப்பு வெறுப்பு, அவன் துயரம், அவன் நட்பு ஆகிய அனைத்தையும் கணிப்பொறி தனித்தனியே கணக்கிடுகின்றது. தோழனை இழந்த ஒருவனின் மனவருத்தம், நாளடைவில் ஒரு கோட்டையின் வீழ்ச்சிக்கே காரணமாதலும் உண்டு.

இத்தகைய விளையாட்டுகளை ஆடுவோன் கருதவேண்டியவை யாவை? திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. வியூக விளையாட்டுகளின் இலக்கணமே அந்நான்கும் எனலாம். செலவு எவ்வளவு, வரவு எவ்வளவு, இறுதியில் எஞ்சும் ஊதியம் எவ்வளவு என்று ஆராய்ந்து தொடங்குதல் முதலாவது. தன் ஆற்றலையும் எதிரியின் ஆற்றலையும் துணைவர் ஆற்றலையும் எடை போடுதல் இரண்டாவது. பருவம் வரும் வரை பொறுத்திருத்தல் மூன்றாவது. தனக்கு வாய்ப்பான இடத்தில் நின்று எதிர்த்தல் நான்காவது. அரசர்க்கென்று வள்ளுவர் வகுத்த இந்நான்கையும், திரைமுன் அமரும் இன்றைய மாணவன் ஒரு மாலைப்பொழுதில் நூறுமுறை பயில்கின்றான்.

இவ்விளையாட்டுகளில் தமிழர் வரலாறும் இடம்பெற்றுள்ளது. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ என்னும் புகழ்பெற்ற விளையாட்டின் இரண்டாம் பகுதிக்கு 2022-ஆம் ஆண்டு ஓர் இணைப்பு வெளிவந்தது. அதில் திராவிடர் என்னும் நாட்டினர் சேர்க்கப்பட்டனர். இராசேந்திர சோழன் பெயரால் ஒரு படையெடுப்புக் கதையும் அமைக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டு வெளிவந்த ‘சிவிலிசேஷன்’ ஏழாம் பகுதியிலும், இடைக்காலத்தே ஆடத்தக்க நாடுகளுள் ஒன்றாகச் சோழநாடு இடம்பெற்றது. உலகின் பல திசைகளிலும் உள்ள இளைஞர் சோழர் என்னும் பெயரை இவ்வாறு அறிகின்றனர். இது நாம் மகிழத்தக்க செய்தியே.

மகிழ்ந்தபின், ஆராய்தலும் வேண்டும். அவ்விளையாட்டிற் கூறப்படும் திராவிடர் கடற்படையிலும் காலாட்படையிலும் வல்லவர், குதிரைப்படையில் மெலிந்தவர். இது வரலாற்றோடு ஒத்ததே. கி.பி. 1025-ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திரன் கடல் கடந்து படை செலுத்திக் கடாரத்தை வென்றான். தமிழ்நாட்டில் நல்ல குதிரைகள் பெருகவில்லை. பாண்டிய அரசர் அரபு நாட்டிலிருந்து பெரும்பொருள் கொடுத்துக் குதிரைகளை வரவழைத்தமையை மார்க்கோ போலோ என்னும் வெனிஸ் நகரத்து வழிப்போக்கர் குறித்துள்ளார். ஆகவே, விளையாட்டை அமைத்தோர் வரலாற்றை ஓரளவு கற்றே அமைத்துள்ளனர்.

ஆயினும், அதே விளையாட்டில் ஒரு வயலை உண்டாக்குவது எங்ஙனம்? காட்டில் மரம் வெட்டி, 60 அளவு மரத்தைச் செலவிட்டால், வயல் ஒன்று தோன்றும். அதில் ஓர் ஆள் நின்று உழைத்தால் உணவு விளையும். விளைவு தீர்ந்தபின், மீண்டும் மரம் செலுத்தினால் வயல் புதுப்பிக்கப்படும். மழை பெய்ய வேண்டுவதில்லை. ஏரி நிரம்ப வேண்டுவதில்லை. பருவம் தவறுவதும் இல்லை. நீரே இல்லாமல் நெல் விளையும் நாடு அது! ஏரிப்பாசனத்தை நம்பி வாழும் பள்ளிப்பட்டு உழவர் ஒருவர் இதனைக் கண்டால் நகைப்பார்; பின்னர், இப்படி ஒரு நாடு இருந்தால் நன்றாயிருக்குமே என்று பெருமூச்சும் விடுவார்.

சோழர் ஆட்சியின் உயிர்நாடி வாளில் மட்டும் இருந்ததில்லை, நீரிலும் இருந்தது. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக்கொண்டு எடுக்கச் செய்து, ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையை அவை விளக்குகின்றன. அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். அறுவர் கூடி, 360 நாள் அவ்வாரியப் பொறுப்பை வகித்தனர். பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படுவதற்குத் தகுதியிழந்தனர். கப்பலையும் வாளையும் எண்ணும் விளையாட்டில் இந்த ஏரி வாரியத்திற்கு இடமில்லை. விளையாட்டினால் மட்டுமே சோழரை அறிந்த ஒருவன், அவர்கள் சோறுண்டு வாழ்ந்த வகையை அறியாதவனே ஆவான்.

இதனாற் பெறப்படும் உண்மை யாது? எந்தப் பாவனை விளையாட்டும் உலகம் முழுமையையும் தன்னுள் அடக்குவதில்லை. அமைத்தவன் எதனை எண்ணினானோ அது மட்டுமே அதில் உண்டு. எண்ணாது விட்டது, அவ்வுலகில் இல்லாததாகவே ஆகிவிடும். ‘சிம்சிட்டி’யில் காவல் நிலையம் ஒன்றைக் கட்டினால், அதனைச் சுற்றிக் குற்றம் குறையும். அது கணிப்பொறிக்கு ஒருவர் எழுதித் தந்த விதி. உண்மை ஊரிற் குற்றம் குறைவதற்குக் கல்வியும் வேலையும் நல்லுறவும் வேண்டுமே என்று வினவினால், விளையாட்டு விடை கூறாது. வெற்றி பெறும் ஆர்வத்தில் ஆடுவோன் அவ்விதியை மெய் என்றே நாளடைவில் நம்பிவிடுவான். இந்நம்பிக்கை திரையோடு நின்றுவிட்டால் தீங்கு சிறிது. அவனே பிற்காலத்தில் உண்மை ஊரொன்றை ஆளும் பொறுப்பை ஏற்பானாயின், தீங்கு பெரிதாகும்.

ஏனெனில், பாவனை இக்காலத்தில் விளையாட்டோடு நிற்பதில்லை. கொசத்தலையாறு பள்ளிப்பட்டு வழியே ஓடுகின்றது. கீழே பூண்டியில் 1944-ஆம் ஆண்டு கட்டப்பட்ட நீர்த்தேக்கத்தை நிரப்பிச் சென்னைக்குக் குடிநீர் தருகின்றது. இறுதியில் எண்ணூர் அருகே கடலிற் கலக்கின்றது. ஆற்றின் மேற்பகுதி ஆந்திர எல்லைக்குள் உள்ளது. ஆங்குக் கனமழை பெய்து, கிருஷ்ணாபுரம் அணை நிரம்பித் திறக்கப்படும்போது, பள்ளிப்பட்டைச் சுற்றியுள்ள தரைப்பாலங்கள் மூழ்கும். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செல்லும் வழி அடைபடும். மழை இங்கே பெய்யாவிடினும் வெள்ளம் இங்கே வரும். மேலே எத்தனை மழை, அணையில் எவ்வளவு நீர், திறந்தால் எத்தனை நாழிகையில் கீழ்வரும், எந்த ஊரைச் சூழும் என்பவற்றைக் கணிப்பொறியிற் பாவனை செய்து பார்த்தல் இயலும். 2015-ஆம் ஆண்டு சென்னையைச் சூழ்ந்த பெருவெள்ளத்திற்குப் பின்னர், நகரின் எப்பகுதியில் எவ்வளவு நீர் தேங்கும் என்பதை முன்னரே கணித்துக் கூறும் அமைப்பு ஒன்று 2019-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையமும் உயர்கல்வி நிறுவனங்களும் கூடி அதனை உருவாக்கின.

இங்கேயும் அடிப்படை ஒன்றே: நிலத்தின் வரைபடம், விதிகள், காலத்தின் நகர்வு, விளைவின் கணக்கு. ரைஸ்விட்ஸ் வகுத்ததும் இதுவே. வில் ரைட் வகுத்ததும் இதுவே. வேறுபாடு ஒன்றுண்டு. விளையாட்டிற் பிழை நேர்ந்தால், ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கலாம். ஆற்றங்கரைக் குடிசைக்கு அந்தப் பொத்தான் இல்லை. ஒரு தரைப்பாலத்தின் உயரம் வரைபடத்தில் இரண்டு அடி பிழையாகப் பதிந்திருந்தால், கணிப்பொறி அப்பாலத்தைப் பாதுகாப்பானது என்றே சொல்லும். பிழை எண்ணில் இருக்கும். இழப்பு உயிரில் இருக்கும். ஆதலின், பாவனையை ஆக்குவோர் வரைபடத்தோடு அமையாமல், ஆற்றங்கரைக்குச் சென்று, அங்கே வாழும் முதியோரைக் கண்டு, சென்ற வெள்ளத்தில் நீர் எந்தப் படிவரை ஏறிற்று என்று கேட்டறிதல் வேண்டும். கணக்கறிவும் ஊரறிவும் கைகோத்தாலன்றிப் பாவனை நிறைவுறாது.

இனி, எச்சரிக்கை ஒன்றும் கூறவேண்டும். மிகுதியானால் அமுதும் நஞ்சாகும். தன்னைக் கட்டுப்படுத்த இயலாமல், படிப்பும் உணவும் உறக்கமும் துறந்து, தீங்கு விளைவது தெரிந்தும் விளையாட்டில் மூழ்கிக் கிடத்தலை உலக நலவாழ்வு நிறுவனம் ஒரு நோயாகவே 2019-ஆம் ஆண்டு வகைப்படுத்திற்று. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களோ வேறு இனத்தவை. அவற்றைத் தடை செய்ய 2025-ஆம் ஆண்டு இந்திய நாடாளுமன்றம் சட்டம் இயற்றிற்று. வள்ளுவர் சூதுக்கென்று தனி அதிகாரம் வகுத்து விலக்கினார். அறிவை வளர்க்கும் ஆட்டத்திற்கும் பொருளைப் பறிக்கும் ஆட்டத்திற்கும் உள்ள வேற்றுமையை மாணவர் தெளிவாக உணர்தல் வேண்டும்.

ஆடும்பொழுது மாணவர் தம்மைத் தாமே மூன்று வினாக்கள் கேட்டுக்கொள்வது நன்று. இவ்வுலகின் விதிகள் யாவை? இவ்வுலகில் எண்ணப்படுவன யாவை? எண்ணாது விடப்பட்டன யாவை? முதல் இரண்டிற்கு விடை கண்டவன் ஆட்டத்தில் வெல்வான். மூன்றாவதற்கு விடை கண்டவன் ஆட்டத்தை அமைக்கும் தகுதி பெறுவான்.

அமைப்பதற்குக் கணிப்பொறிதான் வேண்டும் என்பதில்லை. ஒரு தாளில் ஓர் ஆற்றை வரைக. மேலே ஓர் அணை. அதன் அருகே இரண்டு ஊர்கள். கீழே ஒரு தரைப்பாலமும் இரண்டு ஊர்களும். மழையின் அளவைப் பகடை உருட்டித் தீர்மானிக்க. ஒருவன் அணைக்காவலன், நீரை மிகுதியாகத் தேக்கினால் அணைக்கு ஆபத்து, திடீரெனத் திறந்தால் கீழூர்க்கு ஆபத்து. மற்றொருவன் கீழூர்த் தலைவன். பாலத்தை அடைக்கவும், ஆடு மாடுகளை மேட்டிற்கு ஓட்டவும் அவனுக்கு ஒருமுறை ஆடும் நேரம் வேண்டும். அணையின் நீர்மட்டம் அவன் கண்ணுக்குத் தெரியாது. காவலன் முன்னரே சொன்னால்தான் தெரியும். இருவரும் இடம் மாறி மாறி ஆடுக. ஆடுபுலியில் ஒருவன் வெல்ல மற்றவன் தோற்பான். இவ்வாட்டத்திலோ, இருவரும் சேர்ந்து வெல்லலாம். அன்றேல் இருவரும் சேர்ந்து தோற்கலாம். அணைக்காவலன் தெலுங்கு பேசினாலும், கீழூர்த் தலைவன் தமிழ் பேசினாலும், ஆறு ஒன்றே என்பதை இருவரும் அப்பொழுது உணர்வர்.

இன்று தாளில் இவ்வாறு ஆடிப் பழகுவோர் சிலரேனும், நாளை நகரங்களையும் அணைகளையும் காக்கும் உண்மைப் பொறுப்பில் அமர்வர். தாம் வகுக்கும் விதிகளுள் ஏரியையும், மழையையும், ஆற்றங்கரையில் வாழும் ஏழையின் வீட்டையும் அவர்கள் மறவாது எண்ணுவாராயின், அவர்கள் ஆடிய ஆட்டம் பயனுடைத்தாம்.